கண்ணாடித் தொட்டியும் மனிதக் கடமையும்

ஓர் உயிரைத் தன் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்தவன் அவ்வுயிருக்கு என்ன கடன்பட்டவனாகிறான்? அறநூலாரும் தத்துவ ஞானிகளும் இக்கேள்வியைப் பெரும்பாலும் பெரிய உறவுகளை வைத்தே ஆராய்ந்துள்ளனர்: அரசனும் குடிகளும், ஆண்டானும் அடிமையும், பெற்றோரும் பிள்ளையும். நாம் இங்கு மிகச் சிறியதோர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு விறாந்தையிலே இருக்கும் நன்னீர் மீன்தொட்டியே அது. இரண்டடி நீளக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பத்துப் பன்னிரண்டு மீன்கள். இதிலே அறப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று வாசகர் நகைக்கக்கூடும். ஆனால் பெரிய உறவுகளைச் சூழ்ந்திருக்கும் சொல்லலங்காரங்களும் சுயநலங்களும் இந்தச் சின்னஞ்சிறு உறவைச் சூழ்ந்திருக்கவில்லை. ஆகவே, ஆதிக்கம், அருள், பொறுப்பு, சுதந்திரம் ஆகியவற்றின் உண்மை உருவத்தை இங்கே ஓரளவு தெளிவாகக் காணலாம்.

முதலில் இந்தத் தொட்டி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். பாரிசில் தையற்காரியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஜீன் வில்ப்ரோ-பவர் என்ற பெண்மணி, 1830களில் சிசிலித் தீவிலே கண்ணாடிப் பெட்டிகளைச் செய்வித்து, கடல் உயிர்களை அவற்றில் வைத்து ஆராய்ந்தார். 1850ஆம் ஆண்டில் ரொபேர்ட் வாரிங்ரன் என்ற இரசாயன அறிஞர், இலண்டனில் தாம் செய்த பரிசோதனை ஒன்றை அறிஞர் சங்கத்துக்கு எடுத்துரைத்தார். இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் அவர் ஒரு பாத்திரத்தில் வைத்தார். தாவரத்தின் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. நத்தைகள் சிலவற்றை இட்டார்; அவை அழுகலைத் தின்று தீர்க்க, நீர் மீண்டும் தெளிந்தது. மீன், தாவரம், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கக் கண்டார். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் மீன்தொட்டி மோகத்தை நடுத்தர வர்க்க வீடுகள்தோறும் பரப்பியது.

ஆனால் நூல்களால் மட்டும் மோகங்கள் பிறப்பதில்லை. பிரித்தானியாவில் கண்ணாடி மீதிருந்த தீர்வை 1845இல் நீக்கப்பட்டமையால் கண்ணாடி மலிந்தது. கடற்கரைகளுக்குப் புகையிரதம் ஓடிற்று. தொழிற்புரட்சியிலே பொருளீட்டிய வர்க்கத்துக்கு ஓய்வும், தான் அழித்துவந்த இயற்கையின் ஒரு துண்டையேனும் வரவேற்பறையில் வைத்துக்கொள்ளும் ஆசையும் இருந்தன. விளைவு என்ன? கொஸ்ஸின் மகன் எட்மண்ட் கொஸ், 1907இல் வெளிவந்த தம் நூலில், தந்தையின் எழுத்தால் உந்தப்பட்ட கூட்டமே பாறைக் குட்டைகளின் உயிர்ச்செல்வத்தைச் சூறையாடியது என்று வருந்த நேர்ந்தது. ஆக, இயற்கை மீதான அன்பு, உடைமையாக்கும் ஆசையோடு சேரும்போது, தான் நேசித்ததையே அழித்துவிடும் என்பது இப்பொழுதுபோக்கின் வரலாறு தரும் முதற் பாடமாகும்.

இனித் தொட்டிக்குள் இருக்கும் உயிரின் நிலையைக் கவனிப்போம். நம் நாட்டின் களனி கங்கைக்கும் நில்வளா கங்கைக்கும் இடைப்பட்ட ஈரவலயத்தில், காட்டு நிழல் விழும் ஓடைகளிலே லே தித்தியா என்ற செந்நிறச் சிறுமீன் வாழ்கிறது. 1929இல் தெரணியகல அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தார். ‘வெற்றிலை மெல்பவன்’ என்று பொருள்படும் புலத் ஹபயா என்ற மற்றொரு மீனும் அவ்வலயத்துக்கே உரியது. இவ்விரண்டும் இன்று உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் வாழ்கின்றன. ஓடையிலிருந்தபோது அம்மீனுக்கு வெயில் கடுமையானால் நிழலுண்டு. ஒரு மடு கெட்டால் இன்னொரு மடுவுண்டு. அதன் கழிவை ஓட்டம் அடித்துச் சென்றது. தொட்டியிலே இவை எதுவுமில்லை. தன் வாழ்க்கை நிலைமைகளைத் தேடிச் செல்லும் ஆற்றலை நாம் அதனிடமிருந்து பறித்துவிட்டோம். ஆறு இலவசமாகச் செய்துவந்த அத்தனை வேலையும் அந்தக் கணத்திலிருந்தே நம்முடைய கடமையாகிவிடுகிறது. கடமை நம்முடைய நல்லெண்ணத்திலிருந்து பிறக்கவில்லை. நாம் செய்த பறிப்பிலிருந்து பிறக்கிறது. இதுவே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

அக்கடமைகளில் முதன்மையானது வெப்பம். மீனின் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்வதில்லை; நீரின் சூடே அதன் சூடு. வெப்பவலய மீன்களிற் பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரையான நீர் ஏற்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதற்கென எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆனால் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகையளவே. தை, மாசி இரவுகளிற் சில வேளைகளில் புல்லின் மீது உறைபனியும் படியும். ஐரோப்பிய மாரிக்காலத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. குளிர்ந்த நீரில் மீன் முனகுவதில்லை, கூப்பிடுவதுமில்லை. செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு அடித்தளத்தில் கிடக்கிறது, உண்ண மறுக்கிறது, சமிபாடு மந்தமாகி, நோயெதிர்ப்பு குன்றுகிறது. பின்னர் ஒரு நாள் உடலெங்கும் உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. பார்ப்பவர் அதை ‘நோய்’ என்கிறார். நோய் பல நாட்களுக்கு முன்னரே, நீர் குளிர்ந்த அன்றே தொடங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெப்பவலய மீன் வளர்த்தவர்கள் தொட்டியின் அடிப்பலகையைக் கற்தகட்டாற் செய்து, அதன் கீழே எண்ணெய் விளக்கோ வாயுச் சுடரோ வைத்துச் சூடாக்கினர். இன்று அவ்வேலையை நீரில் அமிழ்த்தும் மின்சார ஹீற்றர் செய்கிறது. அறையின் சூட்டைவிடச் சில பாகை மாத்திரம் உயர்த்த லீற்றருக்கு ஓர் உவாற்று என்பது நடைமுறைக் கணக்கு. மலைநாட்டுக் குளிருக்கு அதன் இருமடங்கு வேண்டியிருக்கும். ஒரு பெரிய ஹீற்றருக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றை வைப்பதே விவேகம். ஒன்று செயலிழந்தால் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் நின்றுவிட்டாலும் நீரை விரைவிற் கொதிக்க வைக்கும் பலம் அதற்கில்லை. வெப்பமானியை ஹீற்றருக்குத் தொலைவான மூலையில் வைக்கவேண்டும். அருகில் வைத்தால் அது ஹீற்றரின் புகழையே பாடும், தொட்டியின் நிலைமையைச் சொல்லாது. மேலே மூடியும், பின்புறத்திலும் அடியிலும் ரெஜிபோம் தகடும் இட்டால் சூடு வீணாகாது. நீர் மாற்றும்போது முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். இடும் புதுநீர் பழைய நீரின் சூட்டோடு ஒத்திருக்கவேண்டும்.

எனினும், சூட்டை மட்டும் தந்துவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. இங்கேதான் இயற்கையின் இயக்கவியல் தலைகாட்டுகிறது. நீரைச் சூடாக்கினால் மீனின் உயிர்த்தொழில்கள் விரைவடைகின்றன. அதற்கு அதிக ஒட்சிசன் தேவைப்படுகிறது. ஆனால் சூடான நீரிலோ ஒட்சிசன் குறைவாகவே கரையும். 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். தேவை கூடும் அதே வேளையில் வழங்கல் குறைகிறது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவும் சூடு ஏற ஏற அதிக நச்சுத்தன்மை பெறுகிறது. ஆகவே சூட்டைக் கொடுப்பவன் காற்றையும் கொடுக்கவேண்டும். காற்றைக் கொடுப்பவன் கழிவையும் அகற்றவேண்டும். ஒரு நன்மையைத் தனியே பிரித்தெடுத்துச் செய்ய முடியாது.

கழிவை அகற்றுவது யார்? வாரிங்ரன் நத்தையைக் கண்டார். ஆனால் முக்கியமான தொழிலாளரை அவர் காணவில்லை. 1890 அளவில் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி, அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களின் தொழிலை வெளிப்படுத்தினார். வடிகட்டியின் பஞ்சிலும் தொட்டியின் கற்களிலும் கோடிக்கணக்காக வாழும் இவையே தொட்டியை உயிரோடு வைத்திருக்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதற்குள் அவசரப்பட்டு மீன்களை நிறைத்தவர் அவற்றை நஞ்சிலே விட்டவராகிறார். வடிகட்டி அழுக்காக இருக்கிறதென்று குளோரீன் கலந்த குழாய்நீரிற் பளிச்செனக் கழுவுபவர், தொட்டியைச் சுத்தஞ் செய்தவர்களையே கொன்றுவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் மீது கண்ணுக்குத் தெரியும் அழகு நிற்கிறது என்ற உண்மையை, சமுதாயத்தைப் பற்றிச் சொன்னால் மறுப்பவர்களும் மீன்தொட்டியைப் பற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

இதிலிருந்து ஓர் அறமுடிவு பிறக்கிறது. அருளுணர்வு மட்டும் போதாது. தொட்டி மீன்களிற் பல கொடுமையால் மாண்டவையல்ல, பாசத்தால் மாண்டவை. அன்பு மிகுதியால் உணவை அள்ளிப் போடுகிறோம். உண்ணாத மீதி அழுகி நீரை நஞ்சாக்குகிறது. பரிவு மிகுதியால் தொட்டி நீர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றுகிறோம். சூடும் இரசாயனத் தன்மையும் திடீரென மாற, மீன் அதிர்ச்சியுறுகிறது. வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை மாற்றுவதே போதுமானது. குழாய்நீரின் குளோரீன் ஓரிரவு திறந்து வைத்தாற் போய்விடும். குளோரமைன் கலந்த நீரானால் அவ்வாறு போகாது, அதற்குரிய மருந்து இடவேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுநீர் கப்பி, மொல்லி போன்ற மீன்களுக்கு இதமானது. மென்னீரிற் பிறந்த லே தித்தியாவுக்கு அதுவே சுமை. ‘நான் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன்’ என்ற வாதம் இங்கே செல்லாது. பிறிதோர் உயிரின் நிலைமைகளை முழுமையாகத் தன் கையில் எடுத்தவனுக்கு, அந்நிலைமைகளை அறியாதிருக்கும் உரிமை இல்லை. இவ்விடத்தில் அறியாமையும் ஒரு குற்றமே.

மீனுக்கு வேதனை தெரியுமா, அது வெறும் இயந்திரம் போன்றதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 2003இல் ஸ்கொத்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் சகாக்களும், திரௌத் மீனின் தலைப்பகுதியிலே தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். அந்நரம்பின் தூண்டல் நமது நோவைப் போன்ற அனுபவமாகிறதா என்பது குறித்து விஞ்ஞானிகளிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால் ஐயம் இருக்குமிடத்தில் அதன் பயனை யாருக்குக் கொடுப்பது? வலியவன் தன் வசதிக்கு ஏற்ப ஐயத்தைத் தீர்த்துக்கொள்வது வரலாற்றிலே பழைய வழக்கம். அடிமைகளுக்கு நோவு குறைவு என்றும், கூலிகளுக்குக் குளிர் உறைக்காது என்றும் சொன்ன நாவுகள் பல. அந்த அனுபவமே நம்மை எச்சரிக்கப் போதுமானது.

அப்படியானால் மீன்களை எல்லாம் ஆற்றிலே விட்டுவிடுவதுதானே நியாயம்? இது கேட்பதற்கு இனிய புரட்சிக் குரல்போல ஒலிக்கும். நடந்தது வேறு. அலங்காரத்துக்காக நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட தென்கிழக்காசியக் கத்திமீன், தப்பியோ விடப்பட்டோ நமது நீர்நிலைகளிற் புகுந்து உள்நாட்டு மீன்களை இரையாக்குகிறது. தொட்டியின் பாசியைத் தின்னுமென வாங்கப்பட்ட தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன், குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகி, ஏழை மீனவரின் வலைகளைக் கிழிக்கிறது. தன் மனச்சாட்சியின் பாரத்தை இறக்குவதற்காக ஒருவர் செய்த ‘விடுதலை’யின் விலையை, வாவியை நம்பி வாழும் மற்றொருவர் கட்டுகிறார். நிலைமைகளை ஆராயாத விடுதலை, கைவிடுதலின் மறுபெயரே. வாங்குமுன் யோசிப்பதுதான் உண்மையான அறம். காட்டு ஓடையில் பிடிக்கப்பட்டதா, பண்ணையிலே பிறந்ததா என்று கேட்கவேண்டும். கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடவில் 1991இல் விஞ்ஞானத்துக்கு அறிமுகமான பண்டுல மீன் ஒரே ஓடையின் சிறு பகுதியிலேயே வாழ்வது. அத்தகையதன் மீது சேகரிப்பவனின் கை விழுமானால் இனமே முடிந்துவிடும்.

இனி, மிகக் கடினமான ஆட்சேபத்துக்கு வருவோம். மலைநாட்டு நகரிலே ஒரு வீட்டில் மின்சாரம் இரவு முழுதும் எரிந்து பன்னிரண்டு மீன்களை 25 பாகையில் வைத்திருக்கிறது. ஒரு கல் தொலைவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையிலே, ஒழுகும் தகரத்தின் கீழ் ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளை நடுங்கிக்கொண்டு படிக்கிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாகவேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேதான் சட்டவலுப் பெற்றது. அதற்குள் அந்த ஆயிரத்தின் பெறுமதி தேய்ந்துவிட்டது. இந்நிலையில் மீனுக்குச் சூடு தேடுவது வக்கிரமன்றோ?

ஆட்சேபம் நியாயமானது, ஆனால் அது குறிவைக்கும் இடம் தவறானது. ஹீற்றரை அணைத்தால் அந்த உவாற்றுகள் லயத்துக்கு ஓடிச் செல்லப் போவதில்லை. மீன் இறக்கும், பிள்ளையின் குளிர் குறையாது. லயன் அறையைக் குளிரில் வைத்திருப்பது மீன்வளர்ப்பவனின் ஐம்பது உவாற்று அல்ல. நிலமும் தேயிலையும் லாபமும் யாருடைய கையிலிருக்கின்றன என்ற உடைமை முறை. 2022 வசந்த காலத்தில் நாட்டிலே பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு அமுலான நாட்களில், மீன்தொட்டிக்கும் லயத்துக்கும் மட்டுமன்றி, மருத்துவமனைக்கும் பரீட்சைக்குப் படித்த மாணவனுக்கும் ஒரே இருள்தான் வந்தது. அக்காலத்தில் மீன்வளர்த்தோர் தொட்டியைக் கம்பளியாற் சுற்றினர், உணவை நிறுத்தினர், கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றூட்டினர். அவர்களுடைய அக்கறை வக்கிரமில்லை. அந்த அக்கறை கண்ணாடியோடு நின்றுவிடுமானால் அதுதான் வக்கிரம்.

நின்றுவிடாமலிருக்க என்ன வழி? தொட்டியே ஒரு சிந்தனை முறையைக் கற்பிக்கிறது. மீன் வாடினால் அனுபவசாலி மீனைத் திட்டுவதில்லை. ‘இது சோம்பேறி மீன், பிறவியிலேயே மந்தம்’ என்று சொல்வதுமில்லை. மருந்துப் போத்தலையும் உடனே தூக்குவதில்லை. முதலில் நீரைச் சோதிக்கிறார்: சூடு என்ன, அமோனியா உண்டா, காற்று போதுமா, கூட்டம் அதிகமா? ஆசிரியராயுள்ள வாசகர் தம் வகுப்பறையை நினைத்துப் பார்க்கட்டும். கடைசி வாங்கிலே உறங்கும் மாணவனை ‘மட்டி’ என்று ஒதுக்குமுன், அவன் காலையில் என்ன உண்டான், இரவு எந்த வெளிச்சத்தில் எழுதினான், எத்தனை பேரோடு ஓர் அறையில் உறங்கினான் என்று நாம் கேட்கிறோமா? மீனுக்கு வழங்கும் நீதியை மனிதப் பிள்ளைக்கு மறுப்பது எந்த நாகரிகத்தில் சேர்த்தி? தனிமனிதனின் குறையென்று தோன்றுவதை அவனது வாழ்க்கை நிலைமைகளிலே தேடுவது, சமுதாயச் சிந்தனையின் அரிச்சுவடி.

ஆனால் உவமையை இந்த இடத்திலே நிறுத்தவேண்டும். மேலும் இழுத்தால் அது ஆபத்தான முடிவுக்குக் கொண்டுபோகும். சமுதாயத்தையும் ஒரு மீன்தொட்டியாக எண்ணி, நல்ல வளர்ப்பாளன் ஒருவன் கிடைத்தாற் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர் எக்காலத்திலும் உண்டு. நம் மலைநாட்டிலே அந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் பரீட்சிக்கப்பட்டது. தோட்டத் துரை லயம் கட்டினான், டிஸ்பென்சரி வைத்தான், அரிசி அளந்தான், பிள்ளை மடுவம் நடத்தினான். ‘என் கூலிகளை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பெருமையும் பேசினான். யார் எங்கே வாழ்வது, எவ்வளவு உண்பது, எப்போது வெளியேறுவது என்பவற்றை அவனே தீர்மானித்தான். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம், அந்தத் தொட்டியிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரை இந்நாட்டு நீருக்கே உரியவர் அல்லர் என்று சொல்லிற்று. வளர்ப்பாளன் எவ்வளவு நல்லவனாயினும், வளர்க்கப்படுபவனுக்குச் சொல்லுரிமை இல்லாத ஏற்பாடு மனிதனுக்கு உரியதன்று.

மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845, 1846ஆம் ஆண்டுகளில் எழுதிய ஜெர்மன் கருத்தியல் நூலில், பாயர்பாக்கை மறுக்கும்போது மீனையே உதாரணமாக எடுத்தனர் என்பது இங்கே கருதத்தக்கது. ஆற்றுமீனின் சாராம்சம் ஆற்றுநீரே எனலாம். ஆனால் அந்த ஆறு தொழிற்சாலைக்கு ஊழியஞ் செய்யத் தொடங்கி, சாயக் கழிவால் மாசுற்று, நீராவிக் கப்பல்களால் கலக்கப்படும்போது அந்நீர் மீனுக்கு உரியதாக இருப்பதில்லை என்று அவர்கள் காட்டினர். ஓர் உயிரின் இருப்பு அதன் இயல்போடு பொருந்தாதபோது அதனைத் தவிர்க்கமுடியாத துர்ப்பாக்கியமென்று பொறுத்துக்கொள்ளச் சொல்லும் தத்துவத்தை அவர்கள் ஏற்கவில்லை. கோடிக்கணக்கான தொழிலாளர் தம் இருப்பைத் தம் இயல்போடு நடைமுறையிலேயே, புரட்சியினாலேயே பொருந்தச் செய்வர் என்றனர். மீனால் இது முடியாது. அது தன் நீரை மாற்றமாட்டாது; ஆகவேதான் நாம் மாற்றிக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். மனிதன் தன் நீரைத் தானே மாற்ற வல்லவன். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான தொழிலாளி கோவிந்தன், நல்ல வளர்ப்பாளனைத் தேடி நின்றவரல்லர்.

ஆகவே நமது கடமை இருவகைப்படுகிறது. தன் நிலைமைகளை மாற்ற இயலாத உயிரை நாம் கையில் எடுத்திருந்தால், அதற்குச் சூட்டையும் காற்றையும் தூய நீரையும் அறிவோடும் ஒழுங்கோடும் வழங்கவேண்டும். இன்று மறந்து நாளை இரட்டிப்பாகக் கொடுக்க முடியாது. தம் நிலைமைகளை மாற்ற வல்ல மனிதருக்கோ, வழங்குவோராக அன்றி, அவர்களோடு சேர்ந்து உழைப்போராக நாம் நிற்கவேண்டும். முதலாவதை ஒழுங்காகச் செய்பவர் இரண்டாவதை மறக்கலாகாது. மாணவர் சிலர் பாடசாலையிலே ஒரு மீன்தொட்டி வைக்க விரும்பினால், ஆசிரியர் அதைத் தடுக்காதிருக்கட்டும். வெப்பமானியைப் பார்க்கவும் நீரைச் சோதிக்கவும் அவர்களுக்குக் கற்பிக்கட்டும். பின்னர் அதே வெப்பமானியை எடுத்துக்கொண்டு, தம் சகமாணவர் வாழும் அறைகளுக்குள்ளும் அவர்கள் ஒருமுறை போய்வரட்டும்.